நீரடியில் எழுந்த நகை

விழா மலர்களுக்கு எழுதுவோர் பெரும்பாலும் கனத்த பொருள்களையே தேடி எடுத்துக்கொள்வர். கல்வியின் மாண்பு, சமயத்தின் உயர்வு, நிறுவியோரின் தியாகம் என்பன போன்றவை ஆண்டுதோறும் இம்மலர்களை நிரப்புகின்றன. அவை வேண்டாதன என்று கூறுவார் யாருமிலர். ஆயினும் நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினின்றும் மிகவும் வேறானது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களிற் பணியாற்றிய கடற்படை அதிகாரிகள் விட்டுச்சென்ற வேடிக்கையான நினைவுகளே அப்பொருளாம். இஃது ஓர் இந்துக் கல்லூரியின் மலருக்கு ஏற்றதோ என ஐயுறுவார் இருக்கலாம். ஏற்றதே என்பது எம் துணிபு. அதற்கான காரணங்களை முறையாகக் கூறுவோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்துரைக்கும்போது, நகையை முதலாவதாகவும் அழுகையை இரண்டாவதாகவும் வைத்தார். நகைக்கும் அழுகைக்கும் இடையே வேறொன்றனையும் அவர் புகவிடவில்லை. இவ்வரிசையில் ஓர் உண்மை பொதிந்துள்ளது என நாம் கருதுகின்றோம். நகையும் அழுகையும் ஒரே வேலியைப் பகிர்ந்துகொண்ட அயல்வீட்டார். ஒரு வீட்டிற் பேசும் பேச்சு மற்றைய வீட்டுக்குக் கேட்கும். நீர்மூழ்கி வீரர்களின் நினைவுகளைப் படிப்போர்க்கு இவ்வுண்மை ஐயத்துக்கிடமின்றிப் புலனாகும்.

முதலில் அக்கப்பல் எத்தகையது என்பதனை அறிதல் வேண்டும். போர்க்காலத்துப் பிரித்தானிய ‘எஸ்’ வகை நீர்மூழ்கி 217 அடி நீளமுடையது. அதனுள் வாழ்ந்தோர் ஏறத்தாழ 48 பேர். அந்நீளம் முழுவதும் மனிதர்க்கென அமைந்ததுமன்று. டீசல் எந்திரங்களும், மின் மோட்டார்களும், பற்றரிகளும், டோர்ப்பீடோக்களும் தமக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொண்டபின் எஞ்சிய இடுக்குகளிலேயே மாலுமியர் உண்டும் உறங்கியும் வந்தனர். ஒருவன் காவலுக்கு எழுந்து செல்ல, காவல் முடிந்து வந்தவன் அதே படுக்கையில், முன்னவனது உடற்சூடு ஆறுமுன்னரே படுத்துக்கொள்வதும் உண்டு. நன்னீர் அளந்தே வழங்கப்பட்டமையாற் குளிப்பு என்பது கரையில் மட்டுமே கிட்டும் பேறாயிற்று. டீசல் எண்ணெயின் வாடை அவர்தம் உடையிலும் தலைமயிரிலும் ஊறி, விடுமுறையில் வீடு சென்றபோதும் உடன் சென்றது.

பகைவரின் கண்ணிற் படாதிருக்கும்பொருட்டுப் பகல் முழுவதும் நீருக்கடியில் ஒடுங்கியிருத்தல் வேண்டும். இரவில் மேலெழுந்து, டீசல் எந்திரங்களை இயக்கிப் பற்றரிகளுக்கு மின்னேற்றுதல் வேண்டும். பகற்பொழுது முதிர முதிர, உள்ளிருக்கும் காற்றில் ஒட்சிசன் குறைந்து காபனீரொட்சைட்டு மிகும். தலை நோகும், மூச்சு வாங்கும், தீக்குச்சியைக் கிழித்தாற் சுடர் நில்லாது அணையும். ஆதலின் அவர்கள் காலத்தையே தலைகீழாக மாற்றிக்கொண்டனர். ஊரெல்லாம் விளக்கேற்றும் வேளையில் அவர்களுக்குக் காலையுணவு, நள்ளிரவை அண்டி மதியவுணவு, வைகறையில் இராவுணவு. சமையலின் புகையும் நெடியும் வெளியேறுவதற்கு இரவே தக்க காலமாதலின் இவ்வேற்பாடு பொருத்தமாயிற்று. மேல்மூடி திறக்கப்பட்டதும் உட்புகும் முதற் காற்றின் சுவையை வருணிப்பதில் அவர்கள் யாவரும் புலவராகிவிடுகின்றனர்.

இத்தகைய நினைவுகளை எழுதியோருள் எமது நாட்டோடு தொடர்புடையவர் எட்வேட் யங் என்பவர். இவர் போருக்கு முன்னர் இலண்டனில் நூல் வெளியீட்டுத் துறையிற் பணியாற்றினார். 1935ஆம் ஆண்டில் மலிவுப் பதிப்பு நூல்களை வெளியிடத் தொடங்கிய பெங்குவின் நிறுவனத்துக்கு ஒரு சின்னம் வேண்டியிருந்தது. இலண்டன் விலங்குக் காட்சிச்சாலைக்குச் சென்று, அங்கிருந்த பெங்குவின் பறவையைப் பார்த்து வரைந்துவந்தவர் இவரே. எம் கல்லூரி நூலகங்களின் அலுமாரிகளில் அப்பறவை நிற்பதைக் காணாத மாணவர் அரியர். அதனை வரைந்த கை பின்னர் நீர்மூழ்கியின் பெரிஸ்கோப்பைப் பற்றியது. போர் மூண்டபின் தன்னார்வச் சேமப் படையிற் சேர்ந்த யங், அப்படையிலிருந்து வந்து, போரிற் பொருதும் பிரித்தானிய நீர்மூழ்கி ஒன்றுக்குத் தலைவரான முதல் மனிதர் ஆனார். அக்கப்பலின் பெயர் ‘ஸ்ரோம்’. புயல் என்பது பொருள்.

1944ஆம் ஆண்டில் ‘ஸ்ரோம்’ திருகோணமலையைத் தளமாகக் கொண்டு தொழிற்பட்டது. அந்நாளில் அத்துறைமுகத்தில் ‘அடமன்ற்’, ‘மெயிட்ஸ்ரன்’ ஆகிய தாய்க்கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தன. நீர்மூழ்கிகள் அவற்றின் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். கோணேசர் கோயில் கொண்ட சுவாமிமலைப் பாறையைக் கடந்து அவை கிழக்கு நோக்கிச் சென்று, மலாக்கா நீரிணையிலும் அந்தமான் கடலிலும் யப்பானியக் கப்பல்களைத் தேடி வேட்டையாடின. அவற்றுள் ஒன்றுக்கு வேட்டைக்காரர் கூவும் கூவலாகிய ‘டலி-ஹோ’ என்பதே பெயராக இடப்பட்டிருந்தது. பெயரிலேயே ஒரு குறும்பு. யங் தம் அனுபவங்களை எழுதி 1952ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1954ஆம் ஆண்டில் அந்நூல் பெங்குவின் வரிசையின் ஆயிரமாவது நூலாக வந்தது. தாம் வரைந்த பறவை தம் நூலின் மேலேயே வந்து நிற்கும் பேறு எத்தனை எழுத்தாளர்க்குக் கிட்டும்?

இனி இந்நினைவுகளில் எழும் நகை எத்தகையது என ஆராய்வோம். நகை நான்கு நிலைக்களங்களிலிருந்து பிறக்கும் என்பது தொல்காப்பியர் கண்ட முடிபு. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. கடலடியிற் பிறந்த நகைக்கும் இந்நான்குமே இடமாதல் வியப்புக்குரியது.

எள்ளலை முதலில் நோக்குவோம். நீர்மூழ்கிகள் புதிதாகத் தோன்றிய காலத்தில், மறைந்திருந்து தாக்குதல் கண்ணியமற்ற செயல் எனப் பிரித்தானியக் கடற்படையின் மூத்தோர் பலர் அவற்றை வெறுத்தனர். போர்க்காலத்திற் பிடிபடும் நீர்மூழ்கி மாலுமியரைக் கடற்கொள்ளையரைப் போலத் தூக்கிலிட வேண்டும் என்ற கருத்தை ஆதர் வில்சன் என்னும் தளபதி 1901ஆம் ஆண்டளவில் வெளியிட்டார் என்பர். அவ்வசை மறக்கப்படவில்லை. 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் மக்ஸ் ஹோட்டன் என்னும் இளந்தலைவர், தமது ‘ஈ-9’ என்னும் நீர்மூழ்கியால் ‘ஹேலா’ என்ற ஜேர்மன் போர்க்கப்பலை மூழ்கடித்தார். துறைமுகம் திரும்பியபோது அவர்தம் கப்பலிற் கடற்கொள்ளையரின் மண்டையோட்டுக் கொடி பறந்தது. கொள்ளையர் என்றீர்கள், இதோ எம் கொடி என்பது அதன் பொருள். இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானிய நீர்மூழ்கிகள் பலவும் இவ்வழக்கத்தைத் தழுவின. இகழ்ச்சியாக எறியப்பட்ட கல்லை எடுத்து வாயிற்படியாக இட்டுக்கொள்ளும் எள்ளல் இது.

அடுத்தது மடன். ஒன்றைப் பற்றிக்கொண்டால், அது பொருந்துமோ பொருந்தாதோ என ஆராயாது விடாப்பிடியாக இருத்தலே மடன் எனலாம். இம்மடனுக்கு அலுவலகங்களைவிடச் சிறந்த உறைவிடம் உலகில் இல்லை. ஜேம்ஸ் கோ என்பவர் ‘ஸ்கிப்ஜாக்’ என்னும் அமெரிக்க நீர்மூழ்கியின் தலைவர். அக்கப்பலுக்கென மலசலகூடக் கடதாசிச் சுருள்கள் 150 வேண்டுமென 1941ஆம் ஆண்டு யூலை மாதம் 30ஆந் திகதி விண்ணப்பிக்கப்பட்டிருந்தது. கலிபோர்னியாவில் உள்ள மெயர் தீவு என்னும் கடற்படைத் தளத்தின் வழங்கற் பகுதியினர், கேட்கப்பட்ட பொருள் இன்னதென இனங்காண முடியவில்லை எனக் குறித்து, விண்ணப்பத்தை இரத்துச் செய்து திருப்பியனுப்பினர். இடையிலே போர் மூண்டது. திரும்பி வந்த தாள் 1942ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கோவின் கையை அடைந்தது.

அவர் சினந்து எழுதினாரல்லர். அலுவலக முறைமை ஓர் இம்மியும் வழுவாத நடையில் ஒரு கடிதம் வரைந்தார். இனங்காண்பதற்கு உதவியாக அப்பொருளின் மாதிரி ஒன்றை இத்துடன் இணைத்துள்ளோம் என்றார். ஒரு காலத்தில் எமக்கு நன்கு பழக்கமாயிருந்த இப்பொருளுக்குப் பதிலாக மெயர் தீவினர் எதனைப் பயன்படுத்தி வருகின்றனர் என அறிய அவாவுகின்றோம் என்றார். இவ்விடைக்காலத்தில் எம் மாலுமியர், கப்பலுக்கு வந்து குவியும் தேவையற்ற அலுவலகத் தாள்களைக் கொண்டு நிலைமையைச் சமாளித்தனர் என்றும், தாள்வேலையைக் குறைக்க வேண்டுமென்ற மேலிடத்தின் விருப்பமும் அதனால் நிறைவேறிற்று என்றும் எழுதினார். கடிதம் கைக்குக் கை மாறிக் கடற்படையெங்கும் பரவிற்று. பின்னர் ‘ஸ்கிப்ஜாக்’ துறைமுகம் திரும்பியபோது, கரையிலே கடதாசிச் சுருள்கள் மலைபோற் குவிக்கப்பட்டிருந்தனவாம். 1959ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம் ஒன்றிலும் இக்கடிதம் இடம்பெற்றது.

எமது நாட்டு அலுவலகங்களிற் கோவையும் கையுமாக நின்று பழகிய அன்பர்கள் இக்கதையைப் படித்துச் சற்றுக் கூடுதலாகவே நகைப்பர் என நம்புகின்றோம். அவர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கோவின் எள்ளல் தமக்குக் கீழே உள்ள எளியவன் எவனையும் தீண்டவில்லை. தாழ்ந்தோரை நோக்கிப் பாயும் நகை கொடுமை. அதிகாரத்தின் அசட்டையை நோக்கி எழும் நகை நீதியின் ஒரு கூறு.

மூன்றாவது பேதைமை. நீர்மூழ்கியின் மலசலகூடத்தைப் பற்றி எழுதாத நீர்மூழ்கி நினைவாளர் அரியர். கடலின் அழுத்தம் வெளியே நெருக்கிக்கொண்டிருக்க, உள்ளிருக்கும் கழிவை நெருக்கிய காற்றினால் வெளியே தள்ளுதல் வேண்டும். அதற்கெனப் பல அடைப்பிதழ்களை ஒன்றன்பின் ஒன்றாக, விதித்த ஒழுங்குப்படி திறந்து மூடுதல் வேண்டும். ஒழுங்கு தவறினால், அனுப்பியது அனுப்பியவனிடமே திரும்பி வரும். வினைப்பயன் என்னும் கொள்கையை இத்துணை விரைவாக மெய்ப்பிக்கும் கருவி பிறிதில்லை. புதிதாக வந்த இளைஞரும் பட்டம் பெற்ற அதிகாரிகளும் இவ்விடத்தில் வேறுபாடின்றி நனைந்தனர் எனப் பழைய மாலுமியர் மகிழ்ந்து எழுதுவர்.

நான்காவது இளமை. அக்கப்பல்களில் இருந்தோர் மிகப்பலர் இருபது முதல் முப்பது வயது வரையினர். தலைவர்கள் பலரும் முப்பதைக் கடவாதவர். கல்லூரி விடுதியிலே விளக்கணைத்தபின் போர்வைக்குள் எழும் கிசுகிசுப்பும் அடக்கிய சிரிப்பும் எத்தகையனவோ, அத்தகையனவே ஆழ்வெடிகள் முழங்கும் வேளையில் அக்கப்பலினுள் எழுந்த கிசுகிசுப்பும் சிரிப்பும். விடுதியில் அஞ்ச வேண்டியது மேற்பார்வையாளரின் காலடியோசைக்கு; கடலடியில் அஞ்ச வேண்டியது மேலே சுழலும் பகைக்கப்பலின் விசிறியோசைக்கு.

இதுகாறும் நகையின் வீட்டில் இருந்தோம். இனி வேலிக்கு அப்பால் நோக்குவோம்.

கடதாசிச் சுருளுக்காகக் கடிதம் எழுதிய ஜேம்ஸ் கோ, பின்னர் ‘சிஸ்கோ’ என்னும் புதிய நீர்மூழ்கிக்குத் தலைவரானார். 1943ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அக்கப்பல் தன் மாலுமியர் அனைவருடனும் கடலில் மறைந்தது. அவர் முதுமையடைந்து தம் பேரர்க்கு அக்கடிதத்தின் கதையைக் கூறியதில்லை. கூறுவதற்கு அவர் இருக்கவில்லை. எட்வேட் யங், தலைவராகுமுன் ‘அம்பயர்’ என்னும் நீர்மூழ்கியில் அதிகாரியாக இருந்தார். 1941ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஓர் இரவு, எதிர்த்திசையில் வந்த தம் நாட்டுக் காவற்கப்பல் ஒன்றே இருளில் அதன்மேல் மோதியது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மூழ்கிக் கிடந்த கப்பலினுள்ளிருந்து நீரூடாக வெளியேறி உயிர் தப்பிய மிகச் சிலருள் யங் ஒருவர். அதன்பின் அவர் கரையில் ஓர் உத்தியோகம் கேட்டிருந்தால் எவரும் குறை கூறியிரார். அவரோ மீண்டும் நீர்மூழ்கிக்கே திரும்பினார். திருகோணமலையிலிருந்து 1944ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் புறப்பட்ட ‘ஸ்ரோன்ஹெஞ்ச்’ என்னும் நீர்மூழ்கி திரும்பவேயில்லை. அதற்கு நேர்ந்தது யாதென உரைக்க ஒருவரும் எஞ்சவில்லை. அதே ஆண்டின் நவம்பர் மாதத்தில் ‘ஸ்ரற்றஜெம்’ மலாக்கா நீரிணையில் மூழ்கடிக்கப்பட்டது.

மலசலகூடத்தின் நகைச்சுவைக்கும் அழுகை அயலாகவே நின்றது. 1945ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 14ஆந் திகதி, ஸ்கொத்லாந்தின் கரையருகே ‘யூ-1206’ என்னும் ஜேர்மன் நீர்மூழ்கியில் மலசலகூடத்தின் வழியாகக் கடல்நீர் உட்புகுந்தது. அடைப்பிதழ்களைப் பிழையாகக் கையாண்டமையே காரணம் என்பர். நீர் கீழிருந்த பற்றரிகளை அடைந்ததும், மூச்சையடைக்கும் குளோரின் வாயு கிளம்பிற்று. கப்பல் மேலெழும்ப வேண்டியதாயிற்று. மேலெழும்பியதும் விமானங்கள் தாக்கின. ஈற்றில் மாலுமியரே கப்பலைக் கைவிட்டு மூழ்கடித்தனர். நால்வர் உயிரிழந்தனர். இதனைக் கேட்டதும் முதலிற் சிரிப்பு எழுதல் இயல்பு. அந்நால்வரின் தாய்மாரை எண்ணியதும் அச்சிரிப்பு அடங்குதலும் இயல்பே.

அப்போரில் அமெரிக்கர் 52 நீர்மூழ்கிகளை இழந்தனர். பிரித்தானியர் 70க்கு மேற்பட்டவற்றை இழந்தனர். ஜேர்மனியரின் நீர்மூழ்கிப் படையிற் பணியாற்றிய நாற்பதினாயிரம் பேரளவில் முக்காற்பங்கினர் மீளவில்லை. இத்தொகைகளை மனத்திற்கொண்டு அந்நினைவுகளை மீண்டும் படிப்போமாயின், அவர்களின் வேடிக்கைப் பேச்சு வேறொரு நிறங்கொள்வதைக் காண்போம். இறந்த நண்பனைப் பற்றி எழுதுமிடத்து, அவனுடைய குறட்டையையும், அவன் தேநீரிற் கலந்த சீனியின் அளவையும், அவன் வளர்க்க முயன்று தோற்ற தாடியையும் எழுதுகிறார்கள். தோழனைச் சிலையாக்கி வைக்க அவர்கள் விரும்பவில்லை. மனிதனாகவே வைத்துக்கொள்ள விரும்பினர். எம் கருத்தில் இதுவே உண்மையான நினைவுக்கல்.

வேடிக்கை நினைவுகளிற் பொய் புகுவது எளிது. வீரமொழிகளே உண்மையானவை எனச் சிலர் கூறுவர். நாம் இதனை ஏற்கோம். தன்னை வீரனெனக் காட்ட முயல்பவன் எழுத்தில் மிகைபடக் கூறுதற்கு இடம் பெரிது. தான் படியில் வழுக்கி விழுந்ததை எழுதுபவனுக்குப் பொய்யுரைப்பதால் யாது ஊதியம்? மேலும், கட்டளைத் தாள்களிலும் போர் அறிக்கைகளிலும் எத்தனை மணிக்கு எத்தனை டோர்ப்பீடோக்கள் ஏவப்பட்டன என்பது காணப்படும். பாண் பூஞ்சணம் பிடித்த செய்தி காணப்படாது. அதனை அகற்றிவிட்டு எஞ்சியதை உண்ட மனிதனின் முகமும் அங்கே தோன்றாது. வரலாற்றின் எலும்பை அறிக்கை தரும்; தசையையும் குருதியையும் இத்தகைய நினைவுகளே தருகின்றன.

நகையைக் கோழையின் மறைவிடம் எனக் கருதுவோரும் உளர். திருவள்ளுவர் அவ்வாறு கருதவில்லை. இடுக்கணழியாமை என்னும் அதிகாரத்தின் முதற் குறளிலேயே, துன்பம் நேருமிடத்து நகைக்குமாறு அவர் பணித்தார். அத்துன்பத்தை வெல்வதற்கு அதனை ஒப்பது பிறிதில்லை என்பது அவர்தம் கருத்து. அமைச்சர்க்கும் ஆள்வோர்க்கும் உரிய பொருட்பாலிலே அவ்வதிகாரம் அமைந்திருத்தலையும் நோக்குக. நாற்பத்தெட்டுப் பேர் ஒரே காற்றை மூச்சிழுக்கும் இடத்தில், ஒருவனின் அச்சம் நொடிப்பொழுதில் அனைவரையும் தொற்றும். ஒருவனின் அமைதியான குறும்புச் சொல்லும் அவ்வாறே தொற்றும். தலைவன் தன்னைத்தானே நகையாடத் துணிந்தவனாயின், அவன் தன் பெருமையைக் காப்பதற்காகத் தம் உயிரைப் பணயம் வைக்கமாட்டான் என மாலுமியர் உணர்ந்துகொள்வர்.

எனினும் இந்நகைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதனை மறைத்தல் ஆகாது. பெரிஸ்கோப்பின் கண்ணாடியிலே தோன்றும் கப்பலிலும் மனிதர் இருந்தனர். 1944ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 18ஆந் திகதி, ‘ட்றேட்வின்ட்’ என்னும் பிரித்தானிய நீர்மூழ்கி, சுமாத்திராவின் கரையருகே ‘யூன்யோ மாறு’ என்ற யப்பானியக் கப்பலை மூழ்கடித்தது. அக்கப்பலில் அடைக்கப்பட்டிருந்தோர் நேசநாட்டுப் போர்க்கைதிகளும், கட்டாய வேலைக்கெனக் கொண்டுசெல்லப்பட்ட யாவகத்துத் தொழிலாளருமாவர். ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தாம் தாக்கிய கப்பலில் இருந்தோர் யாவரென நீர்மூழ்கியில் இருந்தோர் அறிந்திலர். இத்தகைய செய்தியின் முன் எவ்வகை நகையும் வாய்மூடி நிற்றல் வேண்டும். நல்ல நினைவாளர் இவ்வெல்லையை அறிந்தவர். அவர்தம் நகை தம்மையும், தம் கப்பலையும், தம் மேலிடத்தையும் சுற்றியே வரும். தம்மால் அழிந்தோரை அது தீண்டாது. எங்கே நகைக்கிறான், எங்கே மௌனமாகிறான் என்ற இரண்டையும் வைத்தே ஒரு மனிதனின் பண்பை அளக்கலாம்.

இத்துணையும் கூறியது பிறநாட்டாரின் பெருமையை எடுத்தோதும் நோக்கத்தாலன்று. 1957ஆம் ஆண்டில் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தை எம் நாட்டிடம் ஒப்படைத்துச் சென்றனர். ஆயினும் அவர்களில் ஒருவர் எழுதிய நூல், அத்துறைமுகத்தின் ஒரு காலத்தை இன்றும் காத்துவருகின்றது. அதே காலத்தில் அத்துறைமுகத்தில் உழைத்த எம்மவர் பலர். அவர்களின் நகைச்சுவையை எழுதிவைத்தார் யாவர்?

அண்மைக் காலத்தை எண்ணினாலும் நிலை அதுவே. 1983 முதல் 2009 வரை நீண்ட போரை எமது மண் கண்டது. பனங்குற்றிகளும் மண்மூட்டைகளும் அடுக்கிய பதுங்குகுழிக்குள், மேலே எழும் ஓசையைக் கேட்டு மூச்சடக்கியிருந்த குடும்பங்கள் எத்தனை! கடலில்லை என்பதொழிய, அக்குழிக்கும் நீர்மூழ்கிக்கும் வேற்றுமை பெரிதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் எம் மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். சில துளி பெற்றோலைக் காட்டி உயிர்ப்பித்த மோட்டார்ச் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளின் டைனமோவைக் கையாற் சுற்றி வானொலிச் செய்தி கேட்டனர். இவற்றையெல்லாம் அனுபவித்தோர் இன்று தம்முட் கூடும்போது இடைவிடாது நகைக்கின்றனர். பேனாவைக் கையில் எடுத்தவுடன் மட்டும் முகத்தை இறுக்கிக்கொள்கின்றனர். அல்லது எழுதாமலே விடுகின்றனர்.

இஃது எமக்குப் பெருங்கவலை தருகின்றது. அழுகையைப் பதிவு செய்தல் கடமை. அதனை ஒருவாறு செய்து வருகின்றோம். நகையைப் பதிவு செய்யாது விடுவோமாயின், பின்வருவோர் எம்மை அழுவதற்கே பிறந்த மக்கள் என எண்ணுவர். துன்பத்தின் நடுவிலும் தலைநிமிர்ந்து குறும்பு பேசிய மக்கள் என்பது அவர்க்குத் தெரியாது போகும். அந்த இழப்பை எந்தக் கல்வெட்டாலும் ஈடுசெய்தல் இயலாது.

ஆதலின் எம் கல்லூரியின் பழைய மாணவர்களை வேண்டுகின்றோம். மருத்துவமனைகளிலும், கச்சேரிகளிலும், பாடசாலைகளிலும், கப்பல்களிலும், கடல்கடந்த நாடுகளிலும் பணியாற்றியோர் உங்களுட் பலர். அடுத்த மலருக்கு எழுதும்போது, பெற்ற பதவிகளின் பட்டியலைச் சற்றுச் சுருக்குங்கள். திருப்பியனுப்பப்பட்ட விண்ணப்பத்தை எழுதுங்கள். இருட்டில் உப்புக்குப் பதிலாகச் சீனியிட்ட கறியை எழுதுங்கள். உடனிருந்து சிரித்து இன்று இல்லாது போனவரின் குறும்பை எழுதுங்கள். மாணவர்களை வேண்டுவதும் ஒன்றுண்டு. இவ்விடுமுறையில் உங்கள் பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் சென்று, அக்காலத்தில் எதனைக் கண்டு சிரித்தீர்கள் எனக் கேளுங்கள். அவர்கள் விடையிறுக்கும்போது ஒரு கொப்பியும் பென்சிலும் உங்கள் கையில் இருக்கட்டும். அவர்கள் சிரிப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சிரித்துக்கொண்டிருக்கையில் எவ்விடத்திற் பேச்சை நிறுத்தினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.